யோபுவின் முதல் பிள்ளைகள் எங்கே, டீச்சர்?

பத்மநாபபுரம், தக்கலை, புலியூர்க்குறிச்சி சுற்றுவட்டாரத்து மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

அன்பானவர்களே,

ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, நீங்கள் மட்டும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துவிட்டு நிற்கிறீர்கள். உங்களில் பலர் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். மற்றவர்கள் பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மாமார். சம்பளம் கிடையாது. நன்றி சொல்கிறவர்களும் குறைவு. நானும் இந்த வேலையைச் செய்தவள். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தைப் பற்றியோ வினாடி வினாவைப் பற்றியோ நான் பேச வரவில்லை. புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விகளைப் பற்றிப் பேச வருகிறேன். ஆறு, ஏழு, எட்டு வயதில் பிள்ளைகள் கேட்பார்களே, அந்தக் கேள்விகள். "இயேசுதான் கடவுள்னா, தோட்டத்துல முட்டுக்குத்தி யாருகிட்ட ஜெபம் பண்ணினாரு?" "நன்மை வாங்கும்போது பல்லு பட்டா அவருக்கு வலிக்குமா சிஸ்டர்?" "கடவுள் நல்லவருன்னா சுனாமிய ஏன் நிறுத்தல?" "எங்க ஆச்சி திருநீறு பூசுவாங்க. செத்தா நரகத்துக்கா போவாங்க?"

இவற்றுக்கு நம் வகுப்புகளில் கிடைக்கிற பதில்கள் உங்களுக்கும் தெரியும். "பெரிய ஆளானா புரியும் மக்களே." "அப்படியெல்லாம் கேக்கப்பிடாது." "அது விசுவாசம், அப்படியே ஏத்துக்கணும்." இந்தப் பதில்களால் பெரிய சேதம் வந்துவிடாது. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் அஞ்சுவது இன்னொரு வகைப் பதிலுக்கு. "கேள்வி கேட்டா சாமி கண்ணக் குத்தும்", "பொய் சொன்னா நரகத்துல எண்ணெய்ச் சட்டியில போடுவாங்க" என்று சொல்கிறோமே, அதற்கு. அந்தப் பதில் பிள்ளையோடு ராத்திரி படுக்கைக்குப் போகிறது. விளக்கை அணைத்த பிறகு அது பேசத் தொடங்குகிறது.

கடினமான விசுவாச உண்மையைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டுமானால் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பயம் காட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இதற்கு முன்மாதிரி தேடி ரோமாபுரிக்கோ வேளாங்கண்ணிக்கோ போக வேண்டாம். நம் கோட்டை மதிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் யூஸ்டாக்கியுஸ் டிலனாய் என்ற அதிகாரியும் ஒருவர். மன்னர் அவரைத் தம் படையிலேயே வைத்துக்கொண்டார். சுமார் 36 ஆண்டுகள், சாகும்வரை, அவர் திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியவரும் அவர்தான். அதே காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய அதிகாரி, 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. அவர் குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு. ஆடுமாடு போயிற்று, சொத்து கரைந்தது. எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தேன் என்று மனம் உடைந்து உட்கார்ந்திருந்தவரிடம் டிலனாய் பேசினார். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் சொல்லிவருவது இதுதான்: அவர் யோபுவின் கதையைச் சொன்னார்.

திரித்துவத்தில் அவர் தொடங்கவில்லை. பத்துக் கட்டளையில் தொடங்கவில்லை. எதிரில் இருந்தவரின் துக்கம் எதுவோ, அந்தத் துக்கத்துக்குரிய கதையை எடுத்தார். 1745 மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரியின் கையால் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரின் பின்னாலிருந்த சாதிப் பட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. "ஏன் டீச்சர் பேர மாத்தினாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் ஒரு வகுப்பு முழுவதும் அதைப் பேசலாம். நம் ஊரில் பேச வேண்டிய விஷயம்தான் அது.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் பின்பாதி மனப்பாடம். எருமை, எருக்கம்பூ மாலை, சாட்டை, துப்பாக்கி. ஆண்டு விழா மேடையில் அதைத்தான் நடிக்கிறார்கள். ஒரு கைதி அதிகாரியும் ஒரு அரண்மனை அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து யோபுவைப் பேசிய முன்பாதியை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. ஆசிரியர்களுக்கு வேண்டியது அந்த முன்பாதி.

யோபுவை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்லவர் ஒருவர் இருந்தார், சோதனை வந்தது, பொறுமையாக இருந்தார், கடவுள் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். கதை முடிந்தது, எழுந்து ஜெபிப்போம். வேதாகமத்தில் இருக்கிற யோபு அப்படிப்பட்டவர் இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளோடு வழக்காடுகிறார், நியாயம் கேட்கிறார். அவரைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், அதற்குத்தான் தண்டனை" என்பதைப் பல அதிகாரங்களுக்கு நீட்டி நீட்டிச் சொல்கிறார்கள். இறந்துபோன பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்றுகூட பில்தாத் அந்தத் தகப்பன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

கடைசியில் கடவுள் பேசுகிறார். யோபுவின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. கடலுக்குக் கதவு போட்டது யார், வரையாடு குட்டி போடுகிற நேரம் உனக்குத் தெரியுமா, தீக்கோழி ஏன் முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது என்று கேட்டுக்கொண்டே போகிறார். 38ஆம் அதிகாரத்திலிருந்து 41 வரை குழந்தைகளுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். மிருகங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள், ஒரு பிள்ளையும் அசையாது. பிறகு 42ஆம் அதிகாரத்தில் அவர் கோபப்படுகிறார். கோபம், கேள்வி கேட்ட யோபுவின் மேல் இல்லை. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த மூன்று நண்பர்கள் மேல்தான். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு, நீங்கள் பேசவில்லை என்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேதாகமத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வகுப்பில் இந்தக் கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடித்ததும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். கதையில் வந்த ஆடுகளைப் பாவாடை நுனியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தவள் அவள். "டீச்சர், ஆடு ஏழாயிரம் இருந்துச்சு, பதினாலாயிரம் ஆச்சு. ஒட்டகம் மூவாயிரம், ஆறாயிரம் ஆச்சு. பிள்ளைங்க பத்துப் பேருதான் செத்தாங்க, பத்துப் பேருதான் பொறந்தாங்க. அது ஏன் ரெண்டு மடங்கு ஆகல? முதல்ல செத்த பிள்ளைங்க எங்க?"

வேத விளக்கம் எழுதிய பழைய ஆசிரியர்கள் சிலருக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. அவர்கள் சொன்ன பதில் அழகானது. செத்துப்போன ஆடு போய்விட்டது, ஆகவே இரண்டு மடங்காகத் தர வேண்டியிருந்தது. முதல் பத்துப் பிள்ளைகள் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள். பத்தும் பத்தும் இருபது, கணக்குச் சரிதான். இதை அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப யோபு அவங்கள நெனச்சு அழமாட்டாரா?" என்றாள். "அழுவார்" என்றேன். புதுப் பிள்ளை பிறந்தாலும் பழைய பிள்ளைக்கான அழுகை நிற்காது என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உரிமையும் இல்லை.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777 ஜூன் முதல் தேதி இறந்தார். லத்தீனிலும் தமிழிலும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மனைவியும் மகனும் அங்கேயே அடக்கம். மகன் 1765இல், தகப்பனுக்கு முன்பே, இளம் வயதில் போரில் அடிபட்டு இறந்தவன். நீலகண்ட பிள்ளைக்கு யோபுவைச் சொன்ன மனிதர், இருபது ஆண்டுக்குப் பிறகு தாமே யோபுவாக அந்தக் குழிமேட்டில் நின்றிருக்கிறார். இப்போது கோட்டை வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பள்ளிப் பிள்ளைகள் மான் பார்க்கச் சுற்றுலா போகிறார்கள். கல்லறைப் பக்கம் போகிறவர்கள் குறைவு.

சுனாமிக் கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் முந்தின நாள் புதுச் சட்டை போட்ட குழந்தைகள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்து தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆண்களைக் கடலில் வைத்தே கொண்டுபோயிற்று. இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அம்மாவோ அப்பாவோ அந்தக் கரைகளிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒரு பிள்ளை "ஏன் நிறுத்தல" என்று கேட்டால், அது தத்துவம் கேட்கவில்லை. வீட்டில் மாலை போட்டுத் தொங்குகிற ஒரு படத்தைப் பற்றிக் கேட்கிறது.

அங்கே பில்தாத் மாதிரி பேசிவிடாதீர்கள். "பாவம் பெருகிச்சு, அதான்" என்று சொல்லும் வாய்கள் எப்போதும் இருக்கின்றன. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசுவே தீர்த்துச் சொல்லிவிட்டார். லூக்கா 13இல் இருக்கிறது. "கடவுளுக்கு அவங்க வேணும்னு எடுத்துக்கிட்டார்" என்பதும் வேண்டாம். ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். பிள்ளையின் காதில் அது, கடவுளுக்கு ஆசை வந்தால் அடுத்தது என் அம்மா என்று விழும். "ஏன்னு எனக்குத் தெரியல மக்களே. யோபுக்கும் சொல்லல. லாசர் செத்தப்ப இயேசுவும் அழுதாரு. அவங்க இப்ப அவருகிட்ட இருக்காங்கன்னு நாம நம்புறோம்." இவ்வளவு போதும். பிறகு பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அடுத்தது ஆச்சி. இந்தக் கேள்விதான் பத்மநாபபுரத்துக்கென்றே உரிய கேள்வி. நம் பிள்ளைகள் வளர்கிற ஊர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். நவராத்திரிக்கு முன்னால் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, வழியெங்கும் நிற்கிற கூட்டத்தில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். தக்கலையில் பீர் முகமது அப்பா தர்கா. பள்ளியில் ஒரே பெஞ்சில் மூன்று மதத்துப் பிள்ளைகள். பல வீடுகளில் அம்மா ஜெபமாலை சொல்வார், அம்மாவைப் பெற்றவர் நீலகண்டசாமி கோயிலுக்குப் போவார். இந்தப் பிள்ளையிடம் "ஞானஸ்நானம் வாங்காதவங்க எல்லாரும் நரகம்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அவர் நரகத்தைக் கற்பிக்கவில்லை. சோறு ஊட்டுகிற கையைப் பார்த்துப் பயப்படக் கற்பிக்கிறார்.

திருச்சபை அப்படிச் சொல்லவும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 16ஆம் பகுதியைப் படியுங்கள். தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்கிறவர்களும் மீட்பு அடைய முடியும் என்று அது சொல்கிறது. எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று திருச்சபை அறிவித்திருக்கிறது. ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி, இவர் நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. ஆசிரியர்களுக்குச் சங்க ஏடு தேவையில்லை, மத்தேயு நற்செய்தியே போதும். இஸ்ரயேலில் இப்படி ஒரு விசுவாசத்தைக் கண்டதில்லை என்று இயேசு வியந்தது ஒரு ரோமப் படை அதிகாரியைப் பார்த்து. உன் விசுவாசம் பெரியது என்று மெச்சியது ஒரு கானானியப் பெண்ணை. இரண்டு பேருமே அவருடைய மதத்துக்காரர்கள் இல்லை.

"ஆச்சிய நாம தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆச்சிய உண்டாக்கினவரு அவங்கள உன்னவிட அதிகமா நேசிக்கிறாரு" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கடற்கரைக்கு 1542இல் வந்த சவேரியாருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஜெபம் சொல்லித் தரும்வரை பிள்ளைகள் என்னைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை என்று கடிதம் எழுதினார். அந்த அன்பு நமக்கு வேண்டும். ஆனால் அதே பிள்ளைகள் ஊராரின் சிலைகளை உடைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நாம் பின்பற்றக் கூடாது. தேவசகாயத்தின் கதையைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். அவருடைய தண்டனைக்கு மதம்தான் காரணமா, அரசியலா என்று வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. கதையைக் கேட்டு முடித்த பிள்ளை, பக்கத்து பெஞ்சில் இருக்கும் நண்பனைக் கொலைகாரர்களின் வாரிசாகப் பார்க்குமானால், நாம் புனிதரின் கதையைச் சொல்லவில்லை. காற்றாடிமலைக்கு இன்றும் எல்லா மதத்தாரும் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலுவைக் கதையில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "நம்ம பாவத்துக்காகக் கடவுள் தன் மகனைச் சாகக் கொடுத்தார்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது எப்படிக் கேட்கும்? கோபம் தீர ஒருவரை அடிக்க வேண்டியிருந்தது, மகனை அடித்துத் தீர்த்துக்கொண்டார் என்று கேட்கும். இயேசுவைக் கொன்றது தந்தை இல்லை. பயந்துபோன அதிகாரிகளும், கையைக் கழுவிக்கொண்ட பிலாத்துவும், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய்களும் கொன்றார்கள். அவர் ஓடிப் போயிருக்கலாம், ஓடவில்லை. தம் உயிரைத் தாமே கொடுப்பதாகவும் யாரும் பறிக்கவில்லை என்றும் யோவான் 10இல் சொல்கிறார். மகன் தொங்கும்போது தந்தை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவரோடே இருந்தார் என்பதுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தின் சாரம். மூன்றாம் நாள் கதையைச் சொல்லாமல் வகுப்பை முடிக்காதீர்கள். பெரிய வெள்ளியோடு அனுப்பிவிட்டு, உயிர்ப்பை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லக் கூடாது.

ரத்தத்தைக் காட்டித்தான் பக்தி வளர்க்க வேண்டும் என்பதும் இல்லை. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயனை. சிலுவைக் காட்சி கலையில் பரவலாக வரச் சில நூற்றாண்டுகள் ஆயின. புனித சபினா ஆலயத்தின் மரக்கதவில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுச் செதுக்கல்தான் மிகப் பழையவற்றில் ஒன்று. வேதத்துக்காக உயிரையே கொடுத்த தலைமுறைகள் ஆயனைப் பார்த்து வளர்ந்தவை. 2004இல் வந்த மெல் கிப்சனின் பாடுகள் படத்தை அமெரிக்காவிலேயே பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது என்று வைத்திருந்தார்கள். அதை நம்மில் சிலர் தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில் பாய் விரித்துக் கைக்குழந்தைகளுக்கும் போட்டுக் காட்டுகிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

திரித்துவத்துக்கு வருகிறேன். தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்ற உவமையை விட்டுவிடுங்கள். ஒரே தண்ணீர் ஒரே சமயத்தில் மூன்றாகவும் இருக்காது. ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு போதித்ததும், திருச்சபை தள்ளிவிட்டதும் இதைத்தான். யோர்தான் ஆற்றுக் கதையைச் சொல்லுங்கள். மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியார் புறாவாக இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். உலகம் உண்டாகும் முன்பே கடவுளிடம் அன்பு இருந்தது, அவர் தனியாக இருந்ததே இல்லை என்று சொன்னால், தோட்டத்தில் யாரிடம் ஜெபித்தார் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. மீதியை 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை அந்தச் சங்கத்தை மறுபடி நடத்த வேண்டியதில்லை.

நன்மை வாங்கும்போது வலிக்குமா என்று கேட்ட பிள்ளைக்கு: வலிக்காது. உயிர்த்தவருக்கு இனிச் சாவும் இல்லை, வலியும் இல்லை. உடைவது அப்பத்தின் தோற்றமே தவிரக் கிறிஸ்து உடைவதில்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார். புதுநன்மை வயது பற்றித் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் ஆணை பிறப்பித்தபோது, ஏறக்குறைய ஏழு வயதுப் பிள்ளை இதைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்தால் போதும், முழு அறிவு தேவையில்லை என்றார். திருத்தந்தையே இவ்வளவு குறைவாகக் கேட்கும்போது, பதினைந்து பக்கம் ஒப்பிக்காத பிள்ளையை நாம் அழவைக்க வேண்டாம்.

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வானதூதர் வந்து சொன்னதும் "இது எப்படி நடக்கும்" என்று கேட்டவர் மாதா. தூதர் அவரை அதட்டவில்லை, விளக்கம் சொன்னார். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தோமையார். நம் பக்கத்துத் திருவிதாங்கோடு அரப்பள்ளியை அவர்தான் கட்டினார் என்பது மரபு. மரபுப்படி பார்த்தால், இந்த மண்ணுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவரே கேள்வி கேட்டவர்.

கொச்சியில் 1579இல் என்றீக்கே அடிகளார் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' தமிழில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்களில் ஒன்று. அதன் போர்த்துகீசிய மூலம் குழந்தைகளுக்குக் கற்பிக்கவென்றே எழுதப்பட்டது. ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார். நானூறு ஆண்டுக்கு மேலாக நாம் அதே வரிசையில் போய்க்கொண்டிருக்கிறோம். கேட்கும் உரிமை பெரியவர்களுக்கு, ஒப்பிக்கும் கடமை பிள்ளைகளுக்கு. நான் அதைக் குறைசொல்லவில்லை, அந்த மனப்பாடம்தான் குருக்கள் இல்லாத காலங்களில் விசுவாசத்தைக் காப்பாற்றியது. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறாவது வரிசையை மாற்றிப் பாருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் பதில் தேடுங்கள்.

ஜூனில் புதிய மறைக்கல்வி ஆண்டு தொடங்கும்போது, முதல் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து அவர்கள் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை காதில் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். வகுப்புச் சுவரில் நரகத் தீப் படம் இருந்தால் கழற்றுங்கள். உதயகிரிக்குச் சுற்றுலா போகும்போது மான் பார்த்து முடித்த பிறகு டிலனாயின் கல்லறைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து யோபுவின் கதையை முழுதாகச் சொல்லுங்கள், ஒட்டகக் கணக்கோடு. பதில் தெரியாத கேள்வி வந்தால் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்டு வருகிறேன் என்று பிள்ளையிடம் தவணை வாங்குங்கள். அடுத்த ஞாயிறு மறக்காமல் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பதிலைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பத்மநாபபுரத்திலிருந்து உங்களில் ஒருத்தி